புது சென்சார் வந்த அன்றே பழையதைக் கழற்றாதீர்கள்

பள்ளி மாடியிலும் தோட்டத்திலும் சொந்தமாக வானிலை நிலையம் வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் "பத்து வருடம் அளந்து எங்கள் ஊர் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று காட்டப்போகிறோம்" என்று கிளம்புகிறவர்கள் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். இந்தத் துறையே ஒரு காலத்தில் விழுந்து எழுந்த பள்ளம் அது. வெயில் நேராகப் படக்கூடாது, ஏசியின் வெளிக்காற்று அடிக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

## தசமப் புள்ளியை நம்புவது

டி.எஸ்.18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலை சென்சார் 0.0625 டிகிரிப் படிகளில் எண் காட்டும். தயாரிப்பாளர் உறுதி சொல்வதோ ±0.5 டிகிரிக்குத்தான். திரையில் 31.4375 என்று வந்தால், உண்மை 31-க்கும் 32-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அரை டிகிரி தவறக்கூடிய கருவிகளை வைத்துக்கொண்டு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011–2020-இல் உலகம் 1.1 டிகிரி சூடாகியிருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? நியாயமான கேள்வி. பிழையில் மூன்று வகை உண்டு. மேலும் கீழுமாக ஆடும் பிழை, நூறு அளவீடுகளைச் சராசரி எடுத்தால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எப்போதும் ஒரே அளவில் நிற்கும் பிழையும் தொல்லை தராது: ஒவ்வொரு நிலையத்தையும் அதன் சொந்த 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு விலகலை மட்டும் எடுக்கும்போது அது கழிந்துபோகும். மூன்றாவது, நடுவில் மாறும் பிழை. இது சராசரியிலும் கரையாது, கழித்தலிலும் போகாது. அடுத்து வரும் தவறு, இந்த மூன்றாவதைக் காசு கொடுத்து வாங்குவது.

## பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது

இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். புது சென்சார் வருகிறது. ±0.1 டிகிரி, சான்றிதழ் எல்லாம் உண்டு. காலையில் பழையதை இறக்கி, மதியம் புதியதை ஏற்றி, மாலையில் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதுவரை சேர்ந்த பத்தாண்டுப் பதிவும் அன்றோடு துண்டுபட்டது. துண்டுபட்டது என்று எவருக்கும் தெரியாது என்பதுதான் கொடுமை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1980-களின் நடுவில், தன்னார்வலர்கள் நடத்திய ஏராளமான நிலையங்களில் மரக்கூண்டும் கண்ணாடி வெப்பமானியும் போய், பிளாஸ்டிக் தட்டு அடுக்குக்குள் மின்னணு சென்சார் வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, புதிய கருவி பகல் உச்சத்தைச் சுமார் 0.4 டிகிரி குறைத்தும், இரவுத் தாழ்வைச் சுமார் 0.3 டிகிரி கூட்டியும் காட்டுவது தெரிந்தது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. சராசரியை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளியோ 0.7 டிகிரி சுருங்கிவிட்டது. பசுமைக்குடில் வாயுக்களால் பகலைவிட இரவு வேகமாகச் சூடாவதும் பதிவில் இதே வடிவத்தில்தான் தெரியும். கருவி போட்ட வேஷம் அசலைப் போலவே இருந்தது. 1901 முதல் 2018 வரை இந்தியா சூடேறியது மொத்தமே ஏறக்குறைய 0.7 டிகிரி என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதோடு நிற்கவில்லை. புதிய சென்சாருக்குக் கேபிள் வேண்டும். பாதையையும் முற்றத்தையும் தோண்டக் கஷ்டப்பட்டு, பல இடங்களில் சென்சாரை வீட்டுக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். கருவி, கூண்டு, இடம் மூன்றும் ஒரே நாளில் மாறினால் எதனால் எவ்வளவு என்று பிறகு பிரிக்கவே முடியாது.

செய்ய வேண்டியது எளிது, பொறுமைதான் வேண்டும். பழையதையும் புதியதையும் ஒரே உயரத்தில் (1.25 முதல் 2 மீட்டருக்குள்), ஒன்றின் நிழல் மற்றொன்றில் விழாத தூரத்தில் நிறுத்தி, சேர்த்து ஓடவிடுங்கள். ஒரு முழு ஆண்டு கட்டாயம், இரண்டு ஆண்டு நல்லது. ஒரு மாதம் போதாது. காற்றில்லாத மே மாத மதியத்தில் வரும் வித்தியாசம் வேறு, ஐப்பசி அடைமழையில் வரும் வித்தியாசம் வேறு. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் தனித்தனியாக, மாதவாரியாக வித்தியாசத்தை எழுதுங்கள். புதியதைப் பழையதோடு ஒத்துப்போகும்படி "சரிசெய்து" சேமிக்காதீர்கள். மூல எண் அப்படியே இருக்கட்டும், திருத்தம் தனிப் பத்தியில் போகட்டும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களா? சுற்றியுள்ள நாலைந்து நிலையங்களின் சராசரியை உங்கள் பதிவிலிருந்து கழித்து வரைபடம் போடுங்கள். மாற்றிய தேதியில் கோடு படிபோலச் சட்டென்று ஏறியோ இறங்கியோ இருந்தால் அந்த அளவே உங்கள் திருத்தம். ஓராண்டு சேர்த்து ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கும் தெளிவு இதில் கிடைக்காது.

## இரண்டு கம்பியில் பி.டி.100

பி.டி.100 என்பது பிளாட்டினக் கம்பியின் மின்தடையை அளந்து வெப்பநிலை சொல்லும் சென்சார். அதில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் தடை ஏறும். 0.22 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி மீட்டருக்கு 0.08 ஓம். பத்து மீட்டர் கேபிள், போக வர 1.6 ஓம்: நான்கு டிகிரி அதிகமாகக் காட்டும். நிலையான எண்தானே, கழித்துவிடலாம் என்பார்கள். கேபிள் வெயிலில் 15 டிகிரி சூடானால் செம்பின் தடையும் ஏறி, இன்னொரு கால் டிகிரி சேரும். கேபிளின் தடை கணக்கில் சேராதபடி நான்கு கம்பி போடுங்கள்.

## கொதிநீரில் சோதிப்பது

சென்சார் சரியா என்று பார்க்க இது வேண்டாம். மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு; ஊட்டியில் நீர் 100 டிகிரியில் கொதிக்காது.

ஐஸ்தான் சரி. சுத்திகரித்த நீரில் உறையவைத்த ஐஸைப் பட்டாணி அளவுக்கு நொறுக்கி, பிளாஸ்கில் நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸ் பூச்சியத்துக்கு வெகு கீழே இருக்கும்; வெள்ளை உறைபனி போய் ஈரப் பளபளப்பு வந்த பிறகே தொடங்குங்கள். சென்சார் அடியைத் தொடாமல் நடுவில் நிற்கட்டும். கிளறிக்கொண்டே கால் மணி நேரம் காத்திருந்து பத்து அளவுகள் எடுங்கள். போர்வெல் உப்புநீர் ஐஸ் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே உருகும், அது உதவாது. ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் சென்சார் மெல்ல நகர்கிறதா என்று தெரியும். நம் ஊர் வெயிலுக்கு 40 டிகிரி அருகிலும் ஒரு புள்ளி வேண்டும். அதற்குச் சான்று பெற்ற வெப்பமானியோடு கலக்கும் நீர்த்தொட்டியில் ஒப்பிட வேண்டும்.

## 85-ஐயும் −127-ஐயும் சராசரியில் சேர்ப்பது

முன்னது மின்சாரம் வந்ததும் டி.எஸ்.18பி20 வைத்திருக்கும் தொடக்க எண். பின்னது தொடர்பு அறுந்ததற்கு, சென்சாரைப் படிக்கும் மென்பொருள் நிரலகம் தரும் குறி. இரண்டும் வெப்பநிலை அல்ல.

## கூண்டின் கதவு வடக்கே இருந்தால் போதும் என்பது

ஐரோப்பியக் கையேட்டை அப்படியே பின்பற்றுவதால் வரும் வினை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் வடக்குக் கதவைத் திறந்தால் வெயில் நேரே வெப்பமானிமேல் விழும். வெப்பமண்டலத்தில் ஸ்டீவன்சன் கூண்டுக்கு (வெப்பமானியை வைக்கும் மரக்கூண்டு) இரண்டு கதவு வேண்டும்.

## ஒற்றை உச்சத்தைக் கொண்டாடுவது

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. அதே நாளில் டெல்லியின் முதன்மை நிலையமான சஃப்தர்ஜங்கில் 46.8. பிறகு தரமான கருவியை வைத்து வானிலைத் துறை சோதித்தபோது, முங்கேஷ்பூர் சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. அதற்குள் 52.9 உலகம் சுற்றிவிட்டது. லிபியாவின் அல் அஜீஜியாவில் 1922-இல் பதிவான 58 டிகிரி இன்னும் நீண்டகாலம் ஓடியது. பழக்கமில்லாத பார்வையாளர், வெப்பமானிக்குள் உச்சத்தைக் காட்டி நிற்கும் குறிமுள்ளின் தவறான முனையைப் படித்திருக்கலாம் என்று முடிவுக்கு வந்து, உலக வானிலை அமைப்பு அதை 2012-இல்தான் நீக்கியது.

## குறிப்பேடு வைக்காமை

தேதி, சென்சாரின் தொடர் எண், கூண்டுக்கு வெள்ளையடித்த நாள், நான்கு திசைப் படம். இன்றே எழுதுங்கள்.