தரை எவ்வளவு தள்ளுகிறது? இயற்பியல் தேர்வுக்கு முன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவியின் திருப்புதல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இயக்கவியல் பக்கத்தில் 'செங்குத்து விசை = எடை' என்று எழுதி, சிவப்பு மையில் கட்டம் கட்டி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். செங்குத்து விசை என்றால், பொருள் இருக்கும் தளம் தனக்குச் செங்குத்தாக அதைத் தள்ளும் விசை. எனக்குச் சுருக்கென்றது. படிக்கிற காலத்தில் என் நோட்டிலும் அதே வரி இருந்தது, கட்டத்தோடு.

அலகு எழுத மறக்காதீர்கள், கேள்வியை முழுதாகப் படியுங்கள் என்றெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே பலர் சொல்லியிருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் வழுக்கி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

செங்குத்து விசைக்கு ஒரு சூத்திரம் வைத்துக்கொள்வது

தேர்வில் என்னைக் கவிழ்த்த கணக்கு ஏறக்குறைய இப்படி இருந்தது. 10 கிலோகிராம் பெட்டி ஒன்று கிடைத்தளத் தரையில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. கயிறு கட்டி, நகரும் திசையிலேயே சற்று மேல்நோக்கிச் சாய்வாக 50 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். கயிறு தரையோடு உண்டாக்கும் கோணத்துக்கு சைன் 0.6, கொசைன் 0.8. இயக்க உராய்வுக் குணகம் 0.4. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொள்ளலாம். பெட்டியின் முடுக்கம் என்ன? 5 நொடி கழித்து வேகம் என்ன? அதற்குள் எவ்வளவு தூரம் போகும்?

நான் போட்டது இது: எடை 100 நியூட்டன், எனவே செங்குத்து விசையும் 100. உராய்வு அதில் 0.4 மடங்கு, 40. இழுவிசையின் கிடைத்தளக் கூறும் 40. இரண்டும் சரிக்குச் சரி, முடுக்கம் சுழி. இவ்வளவு அழகாக முடிகிற கணக்கு தப்பாக இருக்காது என்று நம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

கயிறு பெட்டியை முன்னால் மட்டுமா இழுக்கிறது? மேலேயும் 30 நியூட்டன் தூக்குகிறது. 100-இல் 30-ஐக் கயிறு ஏற்றுக்கொண்டால் தரை தாங்க வேண்டியது 70 தான். அப்போது உராய்வு 28, மிச்ச விசை 12, முடுக்கம் 1.2. 5 நொடியில் வேகம் 8 மீட்டராகிறது, தூரம் 25 மீட்டர். என் தாளில் இருந்தது 2-ம் 10-ம். முதல் வரியில் செய்த ஒரு தவறு மூன்று விடைகளையும் கொண்டுபோய்விட்டது.

வருடா வருடம் இதைத் திருத்தும்போது வருகிற எரிச்சல் பிள்ளைகள் மேல் இல்லை. முதலில் போடுகிற கணக்குகளிலெல்லாம் பெட்டி சமதளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். அங்கே விடை எடைக்குச் சமமாகவே வரும். அந்த விடை மெல்ல விதியாக மனதில் படிந்துவிடுகிறது. உண்மையில் செங்குத்து விசைக்கென்று தனிச் சூத்திரம் கிடையாது. பொருள் தளத்துக்குள் புகாமலிருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் தளம் தள்ளும். மேல்நோக்கி 2 முடுக்கத்தில் போகும் லிஃப்டில் 60 கிலோகிராம் ஆளைத் தளம் 720 நியூட்டனால் தள்ளுகிறது. அதே முடுக்கம் கீழ்நோக்கி என்றால் 480. லிஃப்ட் தடையின்றி விழுந்தால் ஒன்றுமே இல்லை. மூன்றிலும் அவருடைய எடை 600 தான்.

இதில் பெயரும் சேர்ந்து குழப்புகிறது. 'செங்குத்து எதிர்விசை' என்றும் சொல்கிறோம் இல்லையா, உடனே நியூட்டனின் மூன்றாம் விதி நினைவுக்கு வந்து, எடைக்கு எதிர்விசை இதுதான், ஆகவே சமம் என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றாம் விதி சொல்கிற இரண்டு விசைகளும் ஒரே பொருள்மேல் ஒருபோதும் செயல்படாது. பூமி பெட்டியைக் கீழே இழுப்பதற்கு எதிர்விசை, பெட்டி பூமியை மேலே இழுப்பது. தரை பெட்டியைத் தள்ளுவதற்கு எதிர்விசை, பெட்டி தரையை அழுத்துவது.

எனவே பெட்டியை மட்டும் தனியாக வரையுங்கள். அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். செங்குத்துத் திசைக்கு ஒரு சமன்பாடு எழுதுங்கள். தரை எவ்வளவு தள்ளுகிறது என்பதை அந்தச் சமன்பாடே சொல்லட்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

உச்சியில் பந்து

நேராக மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் திசைவேகம் மட்டும்தான் சுழி. முடுக்கம் அங்கேயும் 9.8, கீழ்நோக்கி. அதுவும் சுழியானால் பந்து அங்கேயே நின்றுவிடும்.

மின்கலம் எப்போதும் ஒரே மின்னோட்டத்தைத் தரும் என்று நினைப்பது

அக மின்தடை இல்லாத 12 வோல்ட் மின்கலத்தோடு 6 ஓம் மின்தடையை இணைத்தால் 2 ஆம்பியர் பாயும். பக்க இணைப்பில் இன்னொரு 6 ஓம் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால், அந்த 2 ஆம்பியரை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பவர்கள்தான் அதிகம். இரண்டுக்கும் அதே 12 வோல்ட் கிடைக்கிறது. எனவே ஒவ்வொன்றிலும் 2 ஆம்பியர், மின்கலத்திலிருந்து மொத்தம் 4. சுற்று எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு போகிறது. தரை பெட்டியைத் தள்ளுவதும் இதே மாதிரிதான்.

செல்சியஸில் விகிதம் போடுவது

அழுத்தம் மாறாமல் ஒரு வாயுவை 27 டிகிரியிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாக்கினால் பருமன் இரண்டு மடங்காகாது. கெல்வினில் அது 300-லிருந்து 327. ஏற்றம் 9 சதவீதம்.

லென்ஸில் கூட்டல் கழித்தல் குறி

எந்த மரபைப் பிடித்தீர்களோ, கடைசி வரி வரைக்கும் அதே.

கணிப்பான்

சைன் 30 அடியுங்கள். 0.5 வராவிட்டால் அது டிகிரியில் இல்லை, பெரும்பாலும் ரேடியனில் இருக்கும்.

தீர்த்து வைத்த கணக்கைப் படித்துப் பார்ப்பது

விடையைப் பார்த்துக்கொண்டே படித்தால் எல்லாக் கணக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும். புரிந்ததா என்பது வெள்ளைத்தாளில்தான் தெரியும். இப்போதே பார்த்துவிடலாம். அதே பெட்டி, அதே 2 மீட்டர் வேகம், அதே 50 நியூட்டன், அதே கோணம். ஆனால் கயிறு வேண்டாம். பின்னாலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாகத் தள்ளுங்கள். மேலே எழுதியதைப் பார்க்காமல் போடுங்கள். முடுக்கம் மைனஸ் 1.2 வர வேண்டும்.