தீப்பந்தைப் பார்த்தவர்கள் செய்யும் தவறுகள்

2022 ஏப்ரல் 2 அன்று முன்னிரவில் மகாராஷ்டிர வானத்தில் நெருப்புக் கீற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போயின. எரிகல் மழை என்றார்கள் பலர். அன்றிரவே சந்திரபூர் மாவட்டத்து லாட்போரி கிராமத்தில் ஆளுயரத்தை மிஞ்சும் உலோக வளையம் ஒன்று கிடந்தது. வந்தது எரிகல் அல்ல, சீன ராக்கெட்டின் உடைந்த பாகங்கள் என்று வல்லுநர்கள் கணித்தார்கள்.

இப்படி வானில் பளீரென்று எரிந்தபடி பாயும் தீப்பந்தைக் கண்டால், அது எத்தனை நொடி நீடித்தது என்று எண்ணாமல் விடுவதுதான் முதல் தவறு. எரிகல் நொடிக்குக் குறைந்தது 11 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது. பெரும்பாலும் சில நொடிகளில் கதை முடிந்துவிடும். சுற்றுப்பாதையிலிருந்து விழும் ராக்கெட் துண்டுகள் 8 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில், ஏறக்குறைய கிடையாக வருவதால், ஒரு நிமிடம்கூட ஊர்ந்து செல்லும். இதிலும் விதிவிலக்கு உண்டு. 1992 அக்டோபரில் அமெரிக்காவின் பீக்ஸ்கில் நகரில் நின்றிருந்த காரைத் துளைத்த 12 கிலோ விண்கல், சாய்வாக நுழைந்ததால் அரை நிமிடத்துக்கு மேல் எரிந்தது. ஆகவே நொடிக்கணக்கோடு, உடைந்ததா, துண்டுகள் வரிசையாக வந்தனவா என்பதையும் கவனியுங்கள்.

"பக்கத்து வயலில்தான் விழுந்தது" என்று டார்ச்சோடு கிளம்புவது அடுத்த தவறு. ஒளி பெரும்பாலும் பல கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடும். தோப்புக்குப் பின்னால் இறங்கியதுபோல் தெரிந்தது, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம்.

மூன்றாவது, ஆபத்தான தவறு: வெளிச்சம் கண்டதும் ஜன்னலுக்கு ஓடுவது. ஒளி உடனே வரும், அதிர்வலை நிதானமாக வரும். 2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் சுமார் 20 மீட்டர் அகலக் கல் வெடித்தது. இரண்டு நிமிடங்களுக்குப் பிறகே அதிர்வலை நகரை எட்டியது. காயமடைந்த ஏறக்குறைய 1,500 பேரில் பெரும்பாலோரைத் தாக்கியது கண்ணாடிச் சில்லுகள். கண்ணாடியை விட்டு விலகி நின்று, ஓசை வரும்வரை நொடிகளை எண்ணுங்கள்.

சட்டைப் பையில் கைபேசியைத் துழாவுவதும் வீண். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நின்ற இடத்தை மட்டும் மறக்க வேண்டாம். மறுநாள் அங்கேயே நின்று திசையை அளக்கலாம். நீட்டிய கையின் முஷ்டி வானில் மறைக்கும் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி.

எரிநட்சத்திரம் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பாள் என் பாட்டி. பாருங்கள், ஆனால் ஒளி அணைந்த பிறகு, அணைந்த இடத்துக்கு நேர் கீழே நிற்கும் மரத்தை.