ஸ்னோமொபைல் சஸ்பென்ஷன்: ஸ்பேனர் எடுக்கும் முன்

பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலில் ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்றால் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது முன்பக்க ஸ்கீ ஷாக்கில்தான். கண்ணெதிரே இருக்கிறது, திருகவும் எளிது. ஆனால் ஸ்கீ மீது எவ்வளவு எடை இறங்கும் என்பதில் பெரிய பங்கு, வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக்குக்குள் ஒளிந்திருக்கும் நடு ஷாக்குக்கு. வண்டியை ஒரு சீசா பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நடு ஷாக் இருக்குமிடம்தான் அதன் அச்சு. அங்கே ஸ்பிரிங் பிரீலோடை, அதாவது எடை ஏறும் முன்பே ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் அளவைக் கூட்டினால் மூக்கு லேசாகி ஸ்டியரிங் இலகுவாகும். குறைத்தால் ஸ்கீ பனியில் அழுந்திக் கடிக்கும்.

டிராக் சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு கீழே நீளலாம் என்று கட்டுப்படுத்தும் பட்டையான லிமிட்டர் ஸ்ட்ராப்பும் இதே கணக்குதான். சுருக்கினால் திருப்பத்தில் ஸ்கீக்குப் பிடி கூடும். ஆனால் த்ராட்டிலை அழுத்தும்போது எடை பின்னால் நகர்வது குறைந்து, ஆழமான பனியில் மூக்கு புதையப் பார்க்கும். இரண்டு ஸ்ட்ராப் இருந்தால் இரண்டும் ஒரே துளையில் இருக்க வேண்டும். மாற்றிய பிறகு டிராக் இழுவிசையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், அதுவும் மாறியிருக்கும்.

அடுத்து, பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்ற நம்பிக்கை. சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கின் கடினத்தன்மை அதன் கம்பியிலும் சுற்றுகளிலும் இருக்கிறது, அட்ஜஸ்டரில் இல்லை. பிரீலோடால் மாறுவது வண்டி நிற்கும் உயரம். எனவே முதலில் அளவு எடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி சஸ்பென்ஷன் முழுதாக நீண்டபின் பம்பரின் உயரத்தைக் குறியுங்கள். அப்புறம் ஓட்டும்போது போடும் உடை, பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, இரண்டு முறை குலுக்கிவிட்டு, மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இந்த வித்தியாசம், சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருப்பது பொதுவான இலக்கு. உங்கள் மாடலின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பிடியுங்கள். அட்ஜஸ்டரைக் கடைசி வரை திருகியும் இலக்கு எட்டவில்லை என்றால்தான் வேறு ஸ்பிரிங் வாங்க வேண்டும்.

வேறு மாடலின் ஷாக்கை மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டுவது இன்னொரு வம்பு. துளைக்குத் துளை நீளம் பொருந்தினால் போதாது. முழுதாக அழுந்திய நிலையிலும் அளக்க வேண்டும். பின் ஷாக் பழையதைவிட அதிகமாக அழுந்தினால் டிராக், தனக்கு மேலே இருக்கும் உலோகக் கூடான டனலில் போய் இடிக்கும். முன் ஷாக் நீளமாக இருந்தால் முன் சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு (பால் ஜாயின்ட்) தன் எல்லைக் கோணத்தைத் தாண்டி முறுகும்.

முறுக்கத்தால் வேலை செய்யும் டார்ஷன் ஸ்பிரிங்கில் இடது வேறு, வலது வேறு. அதன் நீண்ட முனையை வெறுங்கையால் நெம்பாதீர்கள், அதற்கென்று கருவி இருக்கிறது. நழுவினால் விரல் போய்விடும். நைட்ரஜன் அடைத்த ஷாக்கை வீட்டில் பிரிப்பது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

காற்று ஷாக் வைத்திருப்பவர்கள் கதகதப்பான கராஜில் காற்றடித்துவிட்டு வெளியே போய், வண்டி தொய்கிறதே என்று குழம்புவார்கள். குளிரில் அழுத்தம் இறங்கும். 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ காட்டியது, மைனஸ் 20 டிகிரியில் ஏறக்குறைய 50 ஆகிவிடும். வண்டியை வெளியே நிறுத்தி நன்றாகக் குளிரவிட்டு, முன்பக்கத்தைத் தூக்கி, ஷாக் நீண்ட நிலையில் அடியுங்கள். சரிபார்க்க பம்ப்பை மாட்டினாலே குழாயை நிரப்பக் கொஞ்சம் காற்று போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஷாக் அசையும் வேகத்தைச் சரிசெய்யும் திருகுகளான கிளிக்கர்களைக் கடைசியாகத் தொடுங்கள். முழுதாக மூடிய நிலையிலிருந்து எண்ணி, ஆரம்ப எண்ணை எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதே பாதையில் சோதனை. ரீபவுண்டை, அதாவது அழுந்திய ஷாக் திரும்ப எழும்பும் வேகத்தை, மிக மெதுவாக வைத்தால் தொடர் மேடுகளில் ஷாக் எழும்ப நேரமின்றி அழுந்திக்கொண்டே போகும்; ஓட்டுபவரோ ஸ்பிரிங் மென்மை என்று நினைப்பார்.

நேர்ப்பாதையில் ஸ்கீ இங்கும் அங்கும் இழுத்தால் முதலில் ஸ்கீ அலைன்மென்டையும் ஸ்கீயின் அடியில் இருக்கும் கார்பைடு கம்பியின் தேய்மானத்தையும் பாருங்கள். தப்பு அங்கே இருந்தால், ஷாக்கை எத்தனை கிளிக் திருகினாலும் அந்த இழுப்பு போகாது.