பீடோங்கில் பனி பெய்யாது

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் அவ்வப்போது என் வீட்டுக்கு வருவார்கள். பாதிப் பேர் என்னிடம் டியூஷன் படித்தவர்கள். கொண்டுவரும் தாள்களைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே பனி பெய்யும். அப்புறம் கோட்டை, ஓநாய், கம்பளிப் போர்வை. சிரிக்க எனக்கு உரிமை கிடையாது, என் முதல் கதையிலும் பனிதான். அதைப் படித்த இரண்டாம் படிவத்துப் பையன் ஒருவன், "டீச்சர், பனியில ஜப்பான் சிலிப்பர் வழுக்குமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கால் பதித்தே அறியாத தரையில் கதாநாயகனை ஓடவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இத்தனைக்கும் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் இருந்தபடியே 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையைப் பார்க்கலாம். பக்கத்துச் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் மிச்சமும், காற்று ஊதிய மண்குழாய்களும் தோண்டத் தோண்டக் கிடைத்திருக்கின்றன. கெடாவின் பழைய ஹிக்காயாத் என்னும் மலாய்க் கதைநூலில் கருடன் கப்பலைத் தாக்குகிறது. சமைத்தவர் விரலில் இருந்து கீரையில் விழுந்த இரத்தத்தில் ருசி கண்ட ஓர் அரசனுக்குக் கோரைப்பல் முளைத்துவிடுகிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டா ஓநாய்க்கு அலைகிறோம்?

சரி, உள்ளூருக்கு வந்துவிட்டால் அடுத்த தவறு காத்திருக்கும். கெடாவின் பழைய பெயரான கடாரம் என்றதும் 1025 படையெடுப்பு, ராஜேந்திர சோழன், 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி'. கதாநாயகன் கட்டாயம் சோழ இளவரசன், கரையில் நிற்பவர்கள் எல்லாம் தோற்பதற்கென்றே பிறந்தவர்கள். மெய்க்கீர்த்தி வென்றவர் எழுதி வைத்தது, அதில் அப்படித்தான் இருக்கும். நாவலும் அப்படி இருக்க வேண்டுமா? உலைக்குத் துருத்தி ஊதும் பதினான்கு வயதுப் பெண்ணை அந்தக் கரையில் நிறுத்திப் பாருங்கள். வணிகர்களிடம் கொஞ்சம் தமிழ் கற்றவள். இரவில் கப்பலில் இருந்து வரும் அதட்டல் அவளுக்குப் புரிகிறது. புரிந்ததை ஊரிடம் சொல்வாளா, மறைப்பாளா? எனக்கு இளவரசனைவிட இவள்தான் வேண்டும்.

ஆனால் நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு. மந்திரம் இலவசமாகக் கிடைப்பது. பதின்மூன்றாவது பிறந்த நாளில் சக்தி வரும், முப்பதாவது பக்கத்தில் பையன் லாரியைத் தூக்குவான், அவனுக்கு ஒரு தலைவலிகூட வராது.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது பாலெடுக்கப் பட்டையைக் கீறியவர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, தோளில் கம்பில் தொங்கும் காண்டா வாளி. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று சின்ன வயதில் கேட்டால், "வெயில் வந்தா மரம் பால இழுத்துக்கும்" என்பார். உண்மைதான், வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறையும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதால் இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். புதுப் பட்டை ஒழுங்காக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. ஒருநாள் அம்மா பழைய மரம் ஒன்றைத் தடவிக் காட்டினார். முழங்கை மாதிரி புடைத்திருந்தது. "இது நான் பண்ணது. கிராணி வர்றதுக்குள்ள மண்ணக் குழைச்சு அப்பினேன்." கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்.

அனுமதித்த நேரம், மீறக்கூடாத ஆழம், ஆறுவதற்கு வருடக்கணக்கு, மறைக்கப் பார்த்தாலும் உடம்பில் நிற்கும் தழும்பு. மந்திரத்துக்கு இதைவிட நல்ல விதிகளை நான் வேறெங்கும் தேடவில்லை. என் கதையில் வரும் பெண் காற்றைக் கீறி ஒளி எடுப்பாள், அவசரத்தில் ஆழமாகக் கீறினால் பிறகு அந்த இடத்தில் வெளிச்சமே வராது.

முனியாண்டியைப் பூதமாக்கிச் சண்டைக்கு இழுப்பதும் நடக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, ரப்பருக்குப் பதில் செம்பனை நட்ட பிறகும், யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அவருக்குச் சுருட்டு வைத்துவிட்டுப் போகிறார். கதைக்கு முனியைவிட அந்த மோட்டார் சைக்கிள்காரர் முக்கியம் என்பேன். மலாய்க் கிராமத்து ஆவிகளை எல்லாம் வில்லனாக்குவது வெறும் சோம்பேறித்தனம்.

மொழி விஷயத்தில் ஒன்று. நம் வாசகர்கள் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டும்தான். அவர்களிடம் "நண்பா, அபாயம் நம்மைச் சூழ்ந்துவிட்டது" என்று ஒரு பதின்மூன்று வயதுப் பாத்திரம் பேசினால் புத்தகம் மூடப்படும். "டேய், ஓடு லா" போதும், அந்த லா நம் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அசை. அதற்காக வரிக்கு ஒரு லா போட்டால் கேலியாகிவிடும். விவரிப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆனால் வாக்கியம் மூச்சு வாங்கக்கூடாது.

வரைபடம் வரைந்தே காலத்தை ஓட்டாதீர்கள். என்னிடம் மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய ராஜ்ஜியங்கள் இருக்கின்றன. ஒன்றில் சுங்கவரிப் பட்டியல்கூட உண்டு, அதைக் கட்டத்தான் ஆள் இல்லை. பள்ளி விடுமுறை வரட்டும் என்று காத்திருப்பதும் அதே வகைதான்.

நான் எழுதுவது விடியற்காலை ஐந்திலிருந்து ஆறரை வரை. பெரட்டு நின்று வருடங்கள் ஆகியும் அம்மாவுக்கு அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடும். தேநீர் கலக்கிக்கொண்டே, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். போன வாரம் மூன்றாவது அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"ராத்திரி பூரா மழைன்னு இப்பத்தானே படிச்ச? பட்டை ஈரமா இருக்குமே, பால் மங்குக் கிண்ணத்துல விழாம மரமெல்லாம் வழியுமே. உன் பொண்ணு எப்படி வெட்டுனா?"

மழையை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்கவில்லை. அன்று அவளுக்கு வேலை இல்லை, வீட்டில் அரிசியும் இல்லை. அங்கிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.