அம்பாசிடர் டிஸ்ட்ரிபியூட்டரைப் புதுப்பிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

ஐப்பசி மழையில் பாபநாசம் தாண்டியதும் எங்கள் அம்பாசிடர் நின்றுவிட்டது. அப்பா காலத்து மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். கும்பகோணத்தில் முகூர்த்தம், பின்சீட்டில் சீர்த்தட்டோடு அத்தை. பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, வேட்டி நுனியால் உட்புறத்தைத் துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம், இனி இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அப்புறம் பதினெட்டு நாள் வண்டி ஒழுங்காக ஓடவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை நம் ஊர் முறைப்பாசனம் மாதிரிதான். காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும் சுவிட்ச்தான் பாயின்ட். அது திறக்கும் கணத்தில் காயிலில் எழும் பல்லாயிரம் வோல்ட்டை, கேப்புக்குள் சுற்றும் ரோட்டர் வாங்கி, எந்த சிலிண்டரின் முறையோ அந்த மடைக்குத் திறந்துவிடுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி, 1500 சுற்று. சுற்றுக்கு நான்கு பொறி என்றால் நொடிக்கு நூறு. இந்த வேகத்தில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் முறை பிசகும்.

முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது. நான் கேப், ரோட்டர், பாயின்ட், பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர், பிளக் வயர் எல்லாம் வாங்கி ஒரே மூச்சில் மாட்டினேன். வண்டி முன்பைவிட மோசமாக ஓடியது. கோளாறு பழையதா, புதிதாக வந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். கழற்றிய பழைய சாமானை வண்டி ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை தூக்கிப் போடக் கூடாது. புதிது என்பதாலேயே நல்லது என்று நினைத்த காலம் மலையேறிவிட்டது. டூப்ளிகேட் ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாகவே கரண்ட், கீழே ரோட்டரைச் சுற்றும் ஷாஃப்ட்டுக்கு இறங்கிவிடுவது உண்டு. மட்டமான கண்டன்சர் சூடானதும் படுத்துவிடும். வண்டி இருபது கிலோமீட்டர் ஓடி நிற்கும், அரை மணி ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்பைக் குறை சொல்லிக்கொண்டு நான் ஒரு வாரம் அலைந்தது இதனால்தான்.

கழற்றும்போது செய்யும் தவறு இன்னொன்று. டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், போச்சு. அந்த கிளாம்ப் தகட்டை இன்ஜின் பிளாக்கோடு பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை மட்டும் எடுத்தால் தகட்டோடு சேர்ந்து முழுதாக வெளியே வரும். திரும்ப மாட்டும்போது பழைய இடத்திலேயே உட்காரும். எதைக் கழற்றும் முன்னும் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் சேர்த்து. வயர் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம். திருவலஞ்சுழி தாண்டித்தான் நாங்கள் கும்பகோணம் போக வேண்டும். கோயில் வலஞ்சுழி, ரோட்டர் இடஞ்சுழி என்று மனதில் போட்டு வைத்திருக்கிறேன், மறப்பதில்லை.

ஆனால் பலரும் பார்க்கத் தவறுவது ஷாஃப்ட்டின் ஆட்டத்தைத்தான். ரோட்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டின் தலையை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லடலடவென்று ஆடினால் உள்ளே அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனை புது பாயின்ட் போட்டாலும் பயனில்லை. ஷாஃப்ட்டோடு சுற்றிப் பாயின்ட்டைத் திறக்கும் கேமின் ஒரு முனையில் பாயின்ட் இடைவெளி சரியாக இருக்கும், எதிர் முனையில் கூடவோ குறையவோ இருக்கும், நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான டைமிங். வண்டி நிற்கும்போது குலுங்கும், ஓடும்போது புல்லிங் இருக்காது. கார்புரேட்டரைப் போட்டுத் திருகிக்கொண்டே இருப்போம்.

புஷ்ஷை லேத் பட்டறையில் மாற்றலாம். இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் வரும் நுண்துளை புஷ் எண்ணெயைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வகை. மாட்டும் முன் ஒரு நாள் முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊற வேண்டும். ஷாஃப்ட் இறுக்கமாக இருக்கிறதென்று ரீமர் விட்டுக் குடைந்தால் அந்தத் துளைகள் அடைபட்டுப்போகும், எண்ணெய் கசியாது, சில மாதத்தில் பழைய ஆட்டம் திரும்ப வந்துவிடும். பட்டறையில், "கொஞ்சம் கடைஞ்சு விட்டா லூஸா சுத்தும் சார்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஷாஃப்ட்டை வெளியே எடுக்க, அடியில் இன்ஜினோடு கோத்துச் சுற்றும் டிரைவ் டாக்கின் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். என் பதினெட்டு நாளில் பாதியைத் தின்றது இந்தப் பின்தான். டாக்கின் இரண்டு நாக்கும் நட்டநடுவில் இருக்காது, சற்று ஒரு பக்கம் தள்ளி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் தப்பாக உட்காராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த டாக்கையே 180 டிகிரி திருப்பிப் பின் அடித்துவிட்டால்? எல்லாம் அழகாக உட்காரும், ரோட்டர் மட்டும் ஒன்றாம் நம்பருக்குப் பதில் நான்காம் நம்பரைப் பார்த்து நிற்கும். நான் அப்படித்தான் அடித்திருந்தேன். செல்ஃப் சுற்றுகிறது, பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, வண்டி மட்டும் வரவில்லை. கார்புரேட்டர் வழியாக ஒரு பட்டாசுச் சத்தம், அவ்வளவுதான். தென்னை மரத்துக் காக்கை எல்லாம் பறந்தது.

இதையே, முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் காட்டும் கிராங்க் புல்லிக் குறியை மட்டும் நம்புகிறவர்களும் செய்வார்கள். நான்கு ஸ்ட்ரோக் முடிவதற்குள் அந்தக் குறி இரண்டு முறை நேராக வரும்; ஒன்றில்தான் முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும். வால்வு கவரைத் திறந்து பாருங்கள். நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட, ஒன்று திறக்க என்று மாறிக்கொள்ளும் இடத்தில் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது என்று அர்த்தம். டாக் திரும்பிய நிலையிலேயே வயர்களை எதிரெதிராக மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடும்தான். ஆனால் அடுத்து அதில் கை வைக்கிற மெக்கானிக் நம்மைச் சபிப்பார்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயின்ட்டின் குதிகால் கேமின் உச்சியில் ஏறி நிற்கும்போதுதான் ஃபீலர் கேஜை விட வேண்டும். இடைவெளியை முதலில், டைமிங்கைப் பிறகு. இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், அதாவது டைமிங்கும் சேர்ந்து முன்னே போகும். டைமிங் வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை வீண். டைமிங்குக்குப் பெரிய கருவி வேண்டாம். 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலிலும் மற்றதை பாடியிலும் வைத்து, இக்னிஷனை ஆன் செய்து, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பல்பு எரியும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். வேலை முடிந்ததும் இக்னிஷனை அணைக்க மறக்கக் கூடாது. பாயின்ட் மூடிய நிலையில் விட்டால் காயில் கொதித்துவிடும். புது பாயின்ட்டின் குதிகால் சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து படியும், இடைவெளி குறையும். அப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

காயில் வயரும் கண்டன்சர் வயரும் பாயின்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், அவற்றைத் தாங்கும் கம்பத்தைத் தொடக் கூடாது. நடுவில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் புஷ்ஷை மேல்கீழாக மாற்றிப் போட்டால் பொறியே வராது. கிரீஸை அள்ளி அப்புவதும் வேண்டாம். கேமில் விரல் நுனியளவு, ரோட்டருக்குக் கீழே இருக்கும் திருகில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில். மிஞ்சினால் அது பாயின்ட் மேல் தெறித்துக் கருகும்.

உள்ளே, வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளைப் பிடித்திழுக்கும் இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுபோல இருக்காது. ஒன்று மெல்லியது, இன்னொன்று தடித்தது. "ஜோடி சேரலையே" என்று இரண்டையும் ஒரே அளவில் போட்டால் வேகத்துக்குத் தக்கபடி டைமிங் நகராது. வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, மைலேஜ் குறைந்த மர்மமும் விளங்கிவிடும்.

இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமே என்பவர்களுக்கு: மாட்டலாம், நல்லதுதான். பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டினால் அதன் மாட்யூல் அந்த நொடியே புகைந்துவிடும். தேய்ந்த புஷ்ஷும் அதனால் சரியாகாது. கழற்றிய பாயின்ட்டையும் கண்டன்சரையும் டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். வேதாரண்யம் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு மாட்யூல் கிடைக்காது.

டெல்டாவுக்கென்று இரண்டு சங்கதி உண்டு. ஈரக் காற்றில் கேப்பின் உட்புறம் வியர்க்கும்; கரண்ட் அந்த ஈரத்தில் ஓடி ஓடி மயிர்போலக் கருங்கோடு விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்றத்தான் வேண்டும். இரண்டாவது, எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானால் அது கொட்டகைக்கு வரும், பிளக் வயரைத்தான் முதலில் ருசி பார்க்கும்.

இப்போது வண்டி ஒழுங்காக ஓடுகிறது. மழை நாளில் அத்தை ஏறும்முன் ஒன்றைத்தான் கேட்பார்: "ஏம்ப்பா, வேட்டிதானே கட்டியிருக்கே?"