சீட்டு வாங்கினியா? முதலாண்டு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரவு பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி அழைத்தான். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. "அக்கா, ரெண்டு நாளா காய்ச்சல். பனடால் போட்டுக்கிட்டேன். நாளைக்குக் குவிஸ் இருக்கு, முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

நான் திட்டிய திட்டில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பான். அவன் சொன்னது எல்லாம், சொல் மாறாமல், போன வருஷம் நான் சொன்னது.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து பல்கலைக்கழகம் போய் முதல் வருஷத்தை இப்போதுதான் முடித்திருக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், அடுத்துப் போகப் போகிற பிள்ளைகள் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். அலாரம் வை, அன்றைய பாடத்தை அன்றைக்கே படி, கெட்ட சகவாசம் வேண்டாம் என்பதையெல்லாம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிலிருந்து கோயில் பூசாரி வரை எல்லாரும் சொல்லியாகிவிட்டது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

காய்ச்சலை மறைப்பது

முதல் செமஸ்டர், ஏழாவது வாரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்தல், மூட்டு மூட்டாக வலி. மழையில் நனைந்ததால் என்று முடிவு கட்டினேன். புதன்கிழமை வலி தாங்காமல், மாதவிலக்கு வலிக்கு வைத்திருந்த மெஃபெனாமிக் அமில மாத்திரையை இரண்டு வேளை போட்டேன். வியாழக்கிழமை புள்ளியியல் இடைத்தேர்வு. மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு. கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. சரி, உடம்பு தேறியதும் விரிவுரையாளரிடம் சொன்னால் புரிந்துகொள்வார் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காய்ச்சல் விட்டது. சந்தோஷத்தில் துணி துவைத்தேன். ஞாயிறு காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். நிற்காத வாந்தி, பல் துலக்கினால் ஈறில் ரத்தம். கிளந்தானிலிருந்து வந்திருந்த என் அறைத்தோழிதான் கிராப் கார் பிடித்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனாள். டிங்கி, அதாவது டெங்குக் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 28,000 இருந்தன.

வார்டில் படுத்துக்கொண்டு கற்றதைச் சொல்கிறேன். டிங்கியில் காய்ச்சல் விடும் நாளில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும்போது, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ஆள் சுருண்டு விழுவார். கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக மருத்துவமனை. நான் போட்ட மாத்திரை வகையும், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. பாரசிட்டமால் (பனடால்) மட்டும்தான். அதுவும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டைத் தாண்டக் கூடாது. முதல் சில நாட்களுக்குள் கிளினிக் போனால் என்.எஸ்.1 என்ற டிங்கி ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்புறம் தினமும் ரத்த எண்ணிக்கை பார்ப்பார்கள். பப்பாளி இலைச் சாறு குடித்தேன், அதனால் ரத்தம் பார்க்கப் போகவில்லை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

உடம்பு பத்து நாளில் தேறிவிட்டது. எனக்கு இன்னும் எரிச்சல் தீராதது அடுத்த பகுதி. மருத்துவமனை கொடுத்த எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான். தேர்வு நடந்தது வியாழக்கிழமை. அன்றைக்கு நான் எந்த மருத்துவரையும் பார்க்கவில்லை. பார்க்காத நாளுக்கு யாரும் பின்தேதி போட்டுத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. விரிவுரையாளர் நல்ல மனுஷி. ஆனால் தேர்வு நாளுக்கான எம்.சி. மூன்று வேலை நாளுக்குள் வர வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. இடைத்தேர்வில் பூஜ்யம். புள்ளியியல் போனது, நான் படுத்திருந்த நாட்களில் மற்ற பாடங்களும் சரிந்தன, செமஸ்டர் முடிவில் நாலுக்கு என் சராசரிப் புள்ளி 1.94. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனுக்கு 2.00 வேண்டும். அடுத்த தவணை நின்றது. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. 0.06 புள்ளிக்கு ஒரு சங்கிலி.

அதுவும் எப்படிப்பட்ட செலவை மிச்சம் பிடிக்கப் போய்? வளாகக் கிளினிக்கில் மாணவர்களுக்கு இலவசம். வெளியே அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்).

ஏன் போகவில்லை என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். காய்ச்சலோடும் போவார், ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை. வீட்டில் யாரும் உடம்புக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. தாங்கிக்கொள்வதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

வார்டுக்கு எல்லாரும் வந்தார்கள். அம்மா அழுதார், அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டி மட்டும் கட்டில் பக்கத்தில் வந்து கேட்டார்: "சீட்டு வாங்கினியாடி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டி தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றாக வேண்டும். நிற்காதவர், தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினால்தான் கணக்கெழுதும் கிராணி ஒத்துக்கொள்வார். "காய்ச்சலோட மரம் சீவினாலும் டிரசர்கிட்ட காட்டிட்டுத்தான் சீவுவோம்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கு 1960களில் தெரிந்திருந்த விஷயம், பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

ஆகவே: காய்ச்சல் என்றால் முதல் நாளே கிளினிக். எம்.சி. கைக்கு வந்ததும் படம் பிடித்து, பாடக் குறியீட்டையும் வகுப்புப் பிரிவையும் எழுதி, அன்றைக்கே விரிவுரையாளருக்கு மின்னஞ்சல். வாட்ஸ்அப் போதாது. அசலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கிளினிக் எம்.சி. செல்லுமா, வளாகக் கிளினிக்கில் முத்திரை வாங்க வேண்டுமா என்பதை முதல் வாரமே, உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம் விடுதியில் குளியலறை வாளி, குடிநீர் இயந்திரத்துக்கு அடியில் இருக்கும் தட்டு இரண்டையும் பாருங்கள். பால்மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் மழைநீர் நின்றால் என்ன வளரும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கேயும் அதேதான்.

கடன் பணம் வந்த வாரம்

போன் வாங்காதீர்கள். எங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தோட்டத்து மக்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கிக் காட்டினார். அவர் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தமிழ் மேசை

உணவகத்தில் நமக்கென்று ஒரு மேசை அமைந்துவிடும். நல்லதுதான், முதல் மாதம் அது இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு ஓடி வந்திருப்பேன். ஆனால் வகுப்பிலும் அதே ஆறு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், இங்கே திடீரென்று எல்லாம் ஆங்கிலம். புரியாததை ஆறு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம், ஆறு பேருக்கும் தெரியவில்லை. இரண்டாம் செமஸ்டரில் முன் வரிசைக்குப் போனேன். கேள்வியை மலாயில் கேட்டேன். விரிவுரையாளர் மலாயிலேயே பதில் சொன்னார். இத்தனை சுலபமா என்று கோபமே வந்தது.

பாடம் மாற்றும் காலம்

இரண்டு வாரம்தான். "ஈசி ஸ்கோர்" என்று சொன்ன சீனியர் தேர்வு அறைக்கு வரமாட்டார்.

மைலோ ஐஸ்

காலையில் ரொட்டி சானாயோடு தே தாரிக், மத்தியானம் சிராப் பண்டோங், ராத்திரி மாமாக் கடையில் மைலோ ஐஸ். நான்கு மாதத்தில் ஆறு கிலோ ஏறினேன். 2019இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தாத்தாக்களை எண்ண எனக்கு ஒரு கை போதாது. "கோசோங்", அதாவது சீனி போடாமல், என்று கேட்டு வாங்கப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும்.

காரணமில்லாமல் அழுகை

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம் இரண்டும் பிடிக்கவில்லை என்றால் அது வீட்டு நினைப்பு மட்டும் இல்லை. வளாகத்தில் ஆலோசகர் இருப்பார். வெளியில் பேசத் தோன்றினால் சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி எண் 15555. நான் புள்ளி வந்த இரவு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் பில்தான் ஏறியிருக்கும்.

தம்பி மறுநாள் காலையில் கிளினிக் போனான். டிங்கி இல்லை, சாதாரணச் சளிக்காய்ச்சல். ஒன்றுமில்லாததற்கு மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டேனாம், என் மேல் ஒரே குறை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் எம்.சி., குவிஸ் தேதியோடு. பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, படிக்கத் தெரியாவிட்டாலும், முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்.