கிட்டார் ஆம்ப்புக்குச் சத்தம் அடக்கும் பெட்டி: செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் சலவன்பேட்டை, கஸ்பா பக்கத்துப் பழைய தெருக்களில் பல வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் காலண்டர் ஆடும். பகலில் வாசித்துக்கொள்ளலாம் என்றும் இந்த ஊரில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வால்வு ஆம்ப்போ (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) கொஞ்சம் ஏற்றி வைத்தால்தான் அதன் நல்ல குரலைக் கொடுக்கும். 15 வாட் என்றால் சின்னது என்று தோன்றும். ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்பீக்கரையும் மைக்கையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி ரெக்கார்டு செய்யலாம் என்ற யோசனை அப்படித்தான் வருகிறது. நல்ல யோசனைதான், பெட்டியைச் சரியாகச் செய்தால்.

என் முதல் பெட்டி 6 எம்எம் பிளைவுட். உள்ளே சுற்றிலும் தெர்மாகோல், அதன்மேல் முட்டை அட்டை. வாசிக்க ஆரம்பித்த கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா தூக்கக் கண்ணோடு வந்து நின்றார். “தம்பி, இன்னா பாட்டுன்னு கூட தெரியலப்பா. ஆனா செவுருதான் தொம்மு தொம்முனு அதிருது.”

என் தவறு மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. சத்தத்தை உறிஞ்சுவது வேறு, வெளியே விடாமல் தடுப்பது வேறு. முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் பெட்டிக்குள் எதிரொலிக்கும் மேல் சுரங்களைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். தெர்மாகோல் அதைக்கூடச் சரியாகச் செய்யாது. கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அலையின் நீளம் 4 மீட்டருக்கு மேல். இரண்டு இன்ச் ஃபோம் அதை என்ன செய்துவிடும்? தடுக்க வேண்டுமானால் எடை வேண்டும். பலகையின் எடையை இரட்டிப்பாக்கினால் அதிகபட்சம் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. அதனால் 18 எம்எம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), முடிந்தால் இரண்டு அடுக்கு. 8க்கு 4 அடி ஷீட் ஒன்றே ஏறக்குறைய 40 கிலோ வரும். ஆகவே பெட்டியைக் கீழே செய்து மாடிக்குத் தூக்கலாம் என்று நினைக்காதீர்கள். பலகைகளை அறுத்து எடுத்துப் போய், வைக்கப் போகிற அறையிலேயே ஆசாரியை வைத்துப் பொருத்துங்கள்.

எடைக்கு அடுத்தது இடுக்கு. அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், சுவர் எத்தனை கனமாக இருந்தாலும் தடுப்பு சுமார் 20 டெசிபலோடு நின்றுவிடும். மூடியைச் சுற்றி ஒரு நூல் (சுமார் 3 எம்எம்) கனத்துக்கு இடைவெளி இருந்தாலே அந்தக் கணக்கை நெருங்கிவிடலாம். சோதிக்க ஒரு எளிய வழி: ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். எங்கெல்லாம் கோடு கோடாக வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சத்தமும் வரும். மூலைகளுக்கு சிலிகான் பூசுங்கள். மூடி உட்காரும் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டி, நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு அழுத்துங்கள். கீலும் ஒரே ஒரு தாழ்ப்பாளும் மட்டும் என்றால் எதிர் மூலை தூக்கிக்கொள்ளும்.

அக்கா சொன்ன ‘தொம்மு தொம்மு’வில் பாதி காற்று வழியாகப் போனதே இல்லை, தரை வழியாகப் போனது. பெட்டியை நேராகத் தரையில் வைத்தால் அதிர்வு தளத்தில் இறங்கிச் சுவரில் ஏறும். அடியில் ரப்பர் வேண்டும், அதுவும் பெட்டியின் எடையில் கொஞ்சம் அமுங்குகிற ரப்பர். கல் மாதிரி இருந்தால் பயனில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷூ வேலை செய்கிறவர் யாராவது தெரிந்திருந்தால் துண்டு ரப்பர் ஷீட் கேட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கும் அப்படியே: அடியில் ரப்பர், பக்கச் சுவரில் எங்கேயும் இடிக்கக் கூடாது. பெட்டிக்குள் பெட்டி செய்கிறவர்கள் நடுவிலுள்ள காற்று இடைவெளியில் இன்னொரு பலகையைச் செருகுவதும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். இடைவெளி இரண்டாக உடைந்து, கீழ் சுரங்கள் முன்னைவிட அதிகமாக வெளியே வரலாம்.

இடம் மிச்சம் என்று எல்லாப் பக்கமும் இரண்டடியாகக் கனசதுரம் செய்தால், ரெக்கார்டிங் குடத்துக்குள் பேசியது போல வரும். இரண்டடி இடைவெளியில் 285 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு அதிர்வு உருவாகிறது. மூன்று பக்கமும் ஒரே அளவு என்றால் மூன்றும் சேர்ந்து அதே சுரத்தைத் தூக்கிக் காட்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் வெவ்வேறாக வையுங்கள். உள்ளே ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு), 48 அல்லது 64 டென்சிட்டி, முடிந்தால் 4 இன்ச் கனம். தொட்டால் அரிக்கும், ஆகவே கையுறையும் மாஸ்க்கும் போட்டு வேலை செய்யுங்கள். பழைய குடியாத்தம் லுங்கித் துணியைக் கொண்டு மூடினால் தூசி மைக்கில் விழாது. மைக் ஸ்டாண்டும் மூடியில் படக் கூடாது. மைக்கை அரை இன்ச் நகர்த்தினாலே குரல் மாறும் என்பதால், மூடிவைத்து நாலைந்து முறை சோதனை ரெக்கார்டிங் எடுத்து, பிடித்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சூடு. சித்திரை, வைகாசியில் நம் ஊர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காற்றுப் புகாத பெட்டிக்குள் வால்வு ஆம்ப்பையே வைத்து மூடுவது ஆபத்து. கரன்ட்டில் இழுப்பதில் பெரும்பகுதியை அது வெப்பமாகத்தான் விடுகிறது. ஸ்பீக்கர் மட்டும் உள்ளே, ஆம்ப் வெளியே. நடுவில் ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது, சூடாகிவிடும். ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்தடை) ஆம்ப்பில் போட்டிருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஸ்பீக்கரையும் ஆறவிடுங்கள்.

இரண்டாவது பெட்டி முடிந்ததும் அக்கா வீட்டுக்குள் போய் நின்று, என் தம்பியை இந்தப் பக்கம் வாசிக்கச் சொன்னேன். ஆறாவது கம்பி, ஃபேன் ஓடும்போது கேட்கவே இல்லை. மெல்லிய கம்பிகளில் மட்டும் சன்னமாக ஒரு கீச்சு. திரும்பி வந்து தேடினால் வயர் போகும் ஓட்டை. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி அதில் அடைத்தேன். எம்-சீல் போட்டால் பிறகு வயரை உருவ முடியாது.